ஏறாது, நிற்காது, விலகாது

1804 பிப்ரவரி 21. வேல்ஸில் மெர்த்தர் டிட்ஃபில் நகருக்கு அருகே இருந்த பெனிடாரன் இரும்பாலையிலிருந்து ஒரு நீராவி எஞ்சின் கிளம்பியது. பத்து டன் இரும்பும் எழுபது ஆட்களும் ஏறிய வண்டிகளை இழுத்துக்கொண்டு, ஏறத்தாழ 16 கிலோமீட்டரை நான்கு மணி நேரத்தில் கடந்தது. சுமை ஏற்றிய வண்டித் தொடரை நீராவி எஞ்சின் தண்டவாளத்தின் மேல் இழுத்துச் சென்றதற்கு நம்மிடம் உள்ள முதல் சான்று இதுதான். எஞ்சினை வடிவமைத்தவர் ரிச்சர்ட் டிரெவிதிக்.

எஞ்சின் ஜெயித்தது, பாதை தோற்றது. குதிரை வண்டிகளுக்காகப் போட்டிருந்த வார்ப்பிரும்புத் தகடுகள் எஞ்சினின் கனம் தாங்காமல் உடைந்துபோயின. ஒருசில ஓட்டங்களோடு அந்த முயற்சி நின்றுவிட்டது. 1830இல் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே பயணிகளை ஏற்றிக்கொண்டு ரயில் ஓடத் தொடங்குவதற்கு இன்னும் 26 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் எஞ்சின் எவ்வளவு மேம்பட்டதோ அதே அளவு தண்டவாளமும் மேம்பட்டது. 1820இல் ஜான் பர்கின்ஷா, எளிதில் உடையாத தேனிரும்பை உருளைகளுக்கு நடுவே அழுத்தி 15 அடி நீளத் தண்டவாளங்களாக உருட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1857இல் இங்கிலாந்தின் டெர்பி நிலையத்தில் ராபர்ட் மஷெட் செய்த எஃகுத் தண்டவாளம் ஒன்றைச் சோதனைக்காகப் பதித்தார்கள். அங்கே இரும்புத் தண்டவாளத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டிருந்தார்கள். எஃகுத் தண்டவாளமோ பதினாறு ஆண்டுகள் உழைத்தது.

இதற்குப் பின் வந்த வளர்ச்சி மலைக்க வைப்பது. பிரிட்டனில் 1850இல் சுமார் 10,000 கிலோமீட்டர் பாதை இருந்தது. 1900இல் சுமார் 30,000. அமெரிக்காவில் 1860இல் சுமார் 49,000 கிலோமீட்டர். 1900இல் மூன்று லட்சத்தைத் தாண்டியது. 1853 ஏப்ரல் 16 அன்று பம்பாயின் போரிபந்தரிலிருந்து தாணே வரை 34 கிலோமீட்டர் ஓடிய முதல் பயணிகள் ரயிலோடு தொடங்கிய இந்தியப் பாதை, நூற்றாண்டு முடியும்போது கிட்டத்தட்ட 40,000 கிலோமீட்டர் நீண்டிருந்தது. உலகம் முழுவதையும் சேர்த்தால் ஏழு லட்சம் கிலோமீட்டருக்கும் மேல்.

இந்த வளர்ச்சிக்கு நீராவிதான் காரணம் என்று பள்ளியில் படித்தோம். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி, இரும்புச் சக்கரம் இரும்பின் மேல் உருளும் அந்தச் சின்னஞ்சிறு இடத்தில் இருக்கிறது. ரயிலுக்கு அபாரமான ஆற்றலைத் தந்ததும் அந்த இடம்தான். ரயிலின் மூன்று பெரிய இயலாமைகளும் அங்கிருந்தே வந்தன. ரயிலால் மேடு ஏற முடியாது, சட்டென்று நிற்க முடியாது, பாதையை விட்டு விலக முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ரயில் வரலாறு முழுவதும் இந்த மூன்றையும் மனிதர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்பதன் வரலாறுதான்.

நான்கு கிலோவும் ஐம்பது கிலோவும்

மண் சாலையில் பாரவண்டி போகும்போது சக்கரத்துக்குக் கீழே மண் அமுங்குகிறது. சக்கரம் ஒவ்வொரு நொடியும் தானே உண்டாக்கிய சிறு பள்ளத்திலிருந்து மேலே ஏறியாக வேண்டும். இழுக்கும் மாட்டின் உழைப்பில் பெரும்பகுதி மண்ணை நசுக்குவதிலேயே போய்விடுகிறது. ஒரு டன் பாரத்தைச் சமதளமான மண் சாலையில் நகர்த்த, சுமார் 50 கிலோ எடையைத் தூக்குவதற்கு ஆகும் விசை தேவை. சாலை சேறாக இருந்தால் இன்னும் கூடும்.

தண்டவாளத்தில் நடப்பது வேறு. ரயில் சக்கரமும் தண்டவாளமும் தொட்டுக்கொள்ளும் இடம் ஏறத்தாழ ஒரு சதுர சென்டிமீட்டர் அளவே இருக்கும். பல டன் பாரம் அதன் மேல் அழுத்தினாலும் இரும்பு மிக மிகக் கொஞ்சமாகவே அமுங்குகிறது. சக்கரம் கடந்ததும் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. அதனால் வீணாகும் ஆற்றல் மிகக் குறைவு. அந்தக் காலப் பொறியாளர்கள் போட்ட கணக்கின்படி, ஒரு டன் பாரத்தைச் சமதளத்தில் நகர்த்த சுமார் 4 கிலோ விசை போதும். மண் சாலையில் தேவைப்படுவதில் பன்னிரண்டில் ஒரு பங்கு.

தண்டவாளத்துக்கு நீராவி எஞ்சின் வருவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் குதிரைகள் தடங்களின் மேல் வண்டி இழுத்ததற்குக் காரணம் இதுதான். நீராவி பின்னால் வந்து, ஏற்கெனவே கிடைத்திருந்த அந்த லாபத்தைப் பல மடங்காக்கியது.

ஏறாது

இனி அதே கணக்கைச் சற்றுச் சாய்த்துப் பார்ப்போம். 100 அடி நடந்தால் ஓர் அடி உயரும் ஏற்றம் நம் கால்களுக்கு உறைப்பதே இல்லை. அந்த ஏற்றத்தில் ஒரு டன் பாரத்தை இழுக்க, கூடுதலாக 10 கிலோ விசை வேண்டும். புவியீர்ப்பு மண் சாலைக்கும் தண்டவாளத்துக்கும் வேறுபாடு பார்ப்பதில்லை. இரண்டுக்கும் அதே 10 கிலோதான்.

மண் சாலையில் 50 என்பது 60 ஆகிறது. மாடு கொஞ்சம் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். தண்டவாளத்தில் 4 என்பது 14 ஆகிறது, மூன்றரை மடங்கு. சமதளத்தில் ஓர் எஞ்சின் இழுக்கும் ரயிலை இந்த ஏற்றத்தில் இழுக்க மூன்று நான்கு எஞ்சின்கள் வேண்டும். உராய்வைக் குறைத்துக்குறைத்துச் சேர்த்த லாபத்தை ஒரு சிறிய மேடு விழுங்கிவிடுகிறது. பாதை எவ்வளவு வழுவழுப்பாக இருக்கிறதோ அவ்வளவுக்கு மேடு பெரிய எதிரியாகிறது.

ஆகவே ரயிலுக்காக நிலத்தையே சமமாக்க வேண்டியிருந்தது. மேட்டை வெட்டினார்கள், பள்ளத்தை நிரப்பினார்கள், மலையைக் குடைந்தார்கள். லிவர்பூல்–மான்செஸ்டர் பாதையில் ஆலிவ் மவுண்ட் என்ற இடத்தில் பாறையை நெடுக வெட்டி ஆழமான வழி அமைத்தார்கள். சாட் மாஸ் என்ற பெரிய சதுப்பு நிலம் குறுக்கிட்டது. கொட்டிய மண்ணெல்லாம் அதற்குள் அமிழ்ந்துகொண்டே போனது. கடைசியில் ஜார்ஜ் ஸ்டீபன்சன் குழுவினர் புதர்க்கட்டுகளையும் பின்னிய தட்டிகளையும் அடுக்கடுக்காகப் பரப்பி, அந்த மிதக்கும் படுகையின் மேல் பாதையைப் போட்டார்கள். இன்றும் அங்கே ரயில் ஓடுகிறது.

ரயில் பாதை எங்கே போகும் என்பதை ஊர்களின் முக்கியத்துவத்தோடு நிலத்தின் சாய்வும் சேர்ந்தே தீர்மானித்தது. இதற்கு நம் பக்கத்திலேயே அருமையான சான்று இருக்கிறது. பம்பாயிலிருந்து தக்காணத்துக்கு ஏற வேண்டிய ரயில் போர்காட் மலைச்சரிவை நேருக்கு நேர் சந்தித்தது. அங்கே 37 அடிக்கு ஓர் அடி ஏற்றம். கணக்குப்படி, சமதளத்தில் தேவைப்படும் விசையைப் போல ஏறத்தாழ எட்டு மடங்கு. 25 சுரங்கப் பாதைகள், எட்டுப் பெரிய பாலங்கள், நடுவே ரயில் திசை மாறிப் பின்னோக்கி ஏறும் ஒரு நிலையம் என்று அந்தச் சரிவு மனித உழைப்பை உறிஞ்சியது. உச்சத்தில் 40,000 பேருக்கும் மேல் அங்கே வேலை செய்தார்கள். காலராவும் காய்ச்சலும் வெடிவிபத்தும் அவர்களில் ஏராளமானோரைக் கொண்டுபோயின. ஒப்பந்தக்காரர் சாலமன் டிரெட்வெல் இந்தியாவுக்கு வந்த சில வாரங்களிலேயே இறந்தார். அவர் மனைவி ஆலிஸ் பொறுப்பேற்று வேலையை முடித்துக்கொடுத்தார். 1863இல் பாதை திறக்கப்பட்டது.

அதே காலத்தில் சென்னையிலிருந்தும் மேற்குக் கடற்கரையை எட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை முதல் ரயில் ஓடியது. அங்கிருந்து சேலம், போத்தனூர், பாலக்காடு வழியாக பேப்பூர் வரை ஆறே ஆண்டுகளில், 1862க்குள், பாதை போய்ச் சேர்ந்துவிட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கையே விட்டுவைத்த வாசலான பாலக்காட்டுக் கணவாய் வழியாக அந்தப் பாதை நுழைந்ததால் இது முடிந்தது.

நிலத்தைச் சமமாக்கப் பெரும் பணம் வேண்டும். அந்தப் பணத்தை முதல் ரயில் ஓடுவதற்கு முன்பே கொட்டியாக வேண்டும். எந்தத் தனி வணிகரிடமும் அவ்வளவு பணம் இல்லை. பங்குச் சந்தை அந்த இடத்தை நிரப்பியது. 1840களின் நடுவில் பிரிட்டனில் ரயில் பங்குகளின் மேல் ஒரு வெறியே மூண்டது. 1846ஆம் ஆண்டில் மட்டும் 250க்கும் மேற்பட்ட ரயில் சட்டங்கள் நாடாளுமன்றத்தில் நிறைவேறின. அனுமதி பெற்ற பாதைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கடைசிவரை போடப்படவே இல்லை. பலருடைய சேமிப்பு கரைந்தது. அமெரிக்க அரசு 1862ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பசிபிக் பாதைக்காகக் கம்பெனிகளுக்கு ஏராளமான நிலத்தை வழங்கியது. அது அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்த பூர்வகுடிகளின் நிலம். இந்தியாவில் கம்பெனிகளின் முதலீட்டுக்கு 5 சதவீத வருமானத்தை அரசு உறுதியளித்தது. ரயில் நஷ்டத்தில் ஓடினால் பற்றாக்குறையை இந்திய மக்களின் வரிப்பணம் ஈடுகட்டியது. செலவை மிச்சப்படுத்தும் கட்டாயம் கம்பெனிக்கு இல்லாமல் போனது.

மேட்டைச் சமமாக்கவே முடியாத இடங்களும் உண்டு. அங்கே தடை எஞ்சினின் வலிமையைப் பொறுத்தது மட்டுமல்ல, சக்கரத்தின் பிடிப்பையும் பொறுத்தது. ஓட்டும் சக்கரங்களின் மேல் 30 டன் எடை இருந்தால், காய்ந்த தண்டவாளத்தில் சுமார் 6 டன் விசை வரை சக்கரம் வழுக்காமல் இழுக்கும். சமதளத்தில் 1,500 டன் ரயிலுக்கு அது போதும். 12.5 அடிக்கு ஓர் அடி ஏற்றத்தில் அதே விசை சுமார் 70 டன்னைத்தான் இழுக்கும். அதில் 30 டன் எஞ்சினின் சொந்த எடை. மழை பெய்து பிடிப்பு பாதியானால் எஞ்சின் தன்னை இழுத்துக்கொண்டு போவதே பெரும்பாடு.

அந்த ஏற்றம் கற்பனையானதல்ல, கல்லாறிலிருந்து குன்னூர் வரையிலான நீலகிரி மலை ரயில் பாதையின் ஏற்றம். 1899இல் திறக்கப்பட்ட அந்தப் பாதையில் இரு தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் கொண்ட இரண்டு எஃகுப் பட்டைகள் அருகருகே ஓடுகின்றன. எஞ்சினின் அடியில் உள்ள பல்சக்கரம் அந்தப் பற்களைக் கவ்வி ஏறுகிறது. இரண்டு பட்டைகளின் பற்களும் ஒன்றுக்கொன்று சற்று விலகி அமைந்திருப்பதால், ஒன்றை விடும் முன்பே சக்கரம் மற்றதைப் பற்றிவிடும். பிடி ஒரு கணமும் நழுவாது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் கண்ட முறை இது.

பல்சக்கரம் அன்று புதிதல்ல. வழுவழுப்பான சக்கரம் வழுக்கிவிடும் என்ற அச்சத்தில், 1812லேயே லீட்ஸ் அருகே ஜான் பிளெங்கின்சாப் பல் வைத்த பாதையைப் போட்டிருந்தார். எடை போதுமான அளவு இருந்தால் வெறும் சக்கரமே பிடித்துக்கொள்ளும் என்று அடுத்த ஆண்டு வில்லியம் ஹெட்லி காட்டினார். சமவெளிக்குத் தேவையற்றது என்று கைவிடப்பட்ட பல், மலைக்கு இன்றியமையாததாகத் திரும்பி வந்தது.

நிற்காது

எளிதாக உருள்வது எளிதாக நிற்காது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயிலை எடுத்துக்கொள்வோம். நூற்றாண்டின் நடுப்பகுதியில் எஞ்சினை ஒட்டிய நிலக்கரி வண்டியிலும் கடைசியில் கார்டு பெட்டியிலும் மட்டுமே பிரேக் இருந்தது. ரயிலின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு மட்டும் பிரேக் உள்ள சக்கரங்களின் மேல் இருந்தால், வண்டி நிற்க ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஆகும். வேகம் இரட்டிப்பானால் அந்தத் தூரம் நான்கு மடங்காகும். ஓட்டுநர் முன்னால் நிற்கும் ரயிலைக் கண்ணால் பார்த்த பிறகு பிரேக் போட்டால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். லிவர்பூல்–மான்செஸ்டர் பாதையின் திறப்பு விழா நாளிலேயே, 1830 செப்டம்பர் 15 அன்று, நாடாளுமன்ற உறுப்பினர் வில்லியம் ஹஸ்கிசன் தண்டவாளத்தில் நின்றிருந்தபோது ‘ராக்கெட்’ எஞ்சினில் அடிபட்டு இறந்தார்.

கண்ணுக்கு எட்டாத தூரத்தில் என்ன நடக்கிறது என்பதை ஓட்டுநர் தெரிந்துகொண்டாக வேண்டும். தொடக்கத்தில் நேரத்தை நம்பினார்கள்: முதல் ரயில் போய் இத்தனை நிமிடம் ஆனால் அடுத்ததை அனுப்பலாம். முன்னே போன ரயில் வழியில் நின்றுவிட்டால் இந்த ஏற்பாடு எதையும் தடுக்காது. 1837இல் லண்டன் யூஸ்டன் அருகே குக், வீட்ஸ்டன் இருவரும் ரயில் பாதையோரமாக மின்தந்தியைச் சோதித்துக் காட்டிய பிறகு வேறொரு வழி பிறந்தது. பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டில் ஒரு ரயில் இருக்கும்வரை அடுத்ததை உள்ளே விடக் கூடாது. முன்னால் இருக்கும் நிலையம் ‘பாதை காலி’ என்று தந்தியில் சொன்னால்தான் சிக்னல் இறங்கும். உலகின் பெரும்பாலான ரயில்கள் இன்றும் அடிப்படையில் இந்த விதியின்படியே ஓடுகின்றன.

ஒற்றைப் பாதையில் ஆபத்து இன்னும் கொடியது. இரண்டு ரயில்கள் எதிரெதிரே வந்துவிடலாம். 1874இல் இங்கிலாந்தின் நார்விச் அருகே தந்திச் செய்தியில் நேர்ந்த குழப்பத்தால் அப்படியே நடந்து 25 பேர் இறந்தார்கள். அதன் பிறகு எட்வர்ட் டையர் ஓர் எளிய தீர்வைக் கண்டார். இரண்டு நிலையங்களிலும் மின்கம்பியால் இணைந்த பெட்டிகள். அவற்றிலிருந்து ஒரு வட்டத் தகட்டை வெளியே எடுத்துவிட்டால், அது ஏதாவது ஒரு பெட்டிக்குள் திரும்பப் போடப்படும்வரை இரண்டு பக்கத்திலும் இன்னொரு தகடு வராது. தகடு கையில் இருக்கும் ஓட்டுநருக்கு மட்டுமே பாதை சொந்தம். இலங்கை மலையகத்தின் ஒற்றைப் பாதைகளில் நிலைய ஊழியர் வளையத்தில் மாட்டிய தகட்டை நீட்ட, எஞ்சினிலிருந்து ஒரு கை அதைப் பிடித்துக்கொள்ளும் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். நம் ஊர்ச் சிறு நிலையங்களில் டோக்கன் என்று கொடுத்துவந்ததும் இதே தத்துவம்தான்.

நேரத்தை ஒன்றாக்கும் வேலையும் இங்கிருந்தே பிறந்தது. ஒவ்வோர் ஊரும் தன் தலைக்கு மேல் சூரியன் வரும் நேரத்தை நண்பகலாக வைத்திருந்தது. லண்டனுக்கும் பிரிஸ்டலுக்கும் பத்து நிமிட வித்தியாசம். மாட்டுவண்டிக்கு அது பொருட்டல்ல. ஒரே பாதையில் எதிரெதிரே வரும் ரயில்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை. கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 1840இல் தன் நிலையங்கள் எல்லாவற்றிலும் லண்டன் நேரத்தை வைத்தது. அமெரிக்காவில் சுமார் 50 ரயில்வே நேரங்கள் புழக்கத்தில் இருந்தன. 1883 நவம்பர் 18 அன்று ரயில் கம்பெனிகள் தாங்களாகவே பேசி அவற்றை ஒருசில மண்டலங்களாகச் சுருக்கிக்கொண்டன. அரசுச் சட்டம் வர இன்னும் 35 ஆண்டுகள் ஆயின. இந்தியாவில் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இடையே ஒரு மணி நேர வித்தியாசம் இருந்தது. சென்னையின் நேரம் இரண்டுக்கும் ஏறத்தாழ நடுவில், ஒவ்வொன்றுக்கும் சுமார் அரை மணி தள்ளி நின்றது. நுங்கம்பாக்கத்தில் 1792இல் அமைந்த வானாய்வுக் கூடம் அந்த நேரத்தைத் துல்லியமாகக் கணித்துவந்தது. எனவே 1906இல் இந்தியத் திட்ட நேரம் வரும்வரை, நாடு முழுவதும் ரயில்கள் சென்னை நேரத்தில்தான் ஓடின.

இவ்வளவு இருந்தும், ஏறாமையும் நிற்காமையும் ஒரே நாளில் கைகோத்தால் என்ன ஆகும் என்பதை 1889 ஜூன் 12 காட்டியது. அயர்லாந்தின் அர்மா நகரிலிருந்து ஞாயிறு வேதப் பள்ளிக் குழந்தைகளையும் பெற்றோரையும் ஏற்றிக்கொண்டு 15 பெட்டிகளோடு ஒரு சுற்றுலா ரயில் கடற்கரை ஊருக்குக் கிளம்பியது. 900க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். 75 அடிக்கு ஓர் அடி ஏற்றத்தில், உச்சிக்குக் கொஞ்ச தூரமே இருக்கும்போது எஞ்சின் திணறி நின்றுவிட்டது. முன்பகுதிப் பெட்டிகளை முதலில் மேலே கொண்டுபோய் விட்டுவிட்டு, மீதியை எடுக்கத் திரும்பி வரலாம் என்று முடிவு செய்தார்கள்.

அந்த ரயிலில் எல்லாப் பெட்டிகளுக்கும் பிரேக் இருந்தது. ஆனால் அது எஞ்சினிலிருந்து குழாய் வழியே வரும் வெற்றிட விசையால் மட்டுமே பிடிக்கும் வகை. இணைப்பைக் கழற்றியதும் பின்னால் நின்ற பத்துப் பெட்டிகளின் பிரேக்குகள் விட்டுப்போயின. கடைசிப் பெட்டியின் கைபிரேக்கும் சக்கரங்களுக்குக் கீழே வைத்த கற்களும் மட்டுமே அவற்றைத் தாங்கின. எஞ்சின் கிளம்பும்போது சற்றே பின்னுக்கு வந்து இடித்தது. கற்கள் நொறுங்கின. பத்துப் பெட்டிகளும் இறக்கத்தில் உருளத் தொடங்கின. பெட்டிக் கதவுகள் பூட்டியிருந்தன. நேரக் கணக்கை மட்டும் நம்பி அடுத்த ரயில் அதே பாதையில் பின்னால் வந்துகொண்டிருந்தது. சுமார் 80 பேர் இறந்தார்கள், பலர் குழந்தைகள்.

தீர்வு அதற்கு முன்பே இருந்தது என்பதுதான் இதில் பெரிய வேதனை. 1872இல் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் தன் காற்று பிரேக்கின் வேலையைத் தலைகீழாகத் திருப்பிவிட்டிருந்தார். குழாயில் காற்றழுத்தம் இருக்கும்வரை பிரேக் விலகியிருக்கும். அழுத்தம் போனால் பிரேக் தானாகப் பிடிக்கும். ரயில் இரண்டாகப் பிரிந்தால் குழாய் அறுந்து காற்று வெளியேறும். இரண்டு பாதியும் நின்றுவிடும். கருவி பழுதானால் அந்தப் பழுதே ரயிலை நிறுத்தும். செலவைக் காரணம் காட்டி இதைத் தள்ளிப்போட்டுவந்த கம்பெனிகள் மேல், அர்மா விபத்து நடந்த மூன்று மாதங்களுக்குள் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் போட்டது: பயணிகள் ரயிலில் தானியங்கி பிரேக் கட்டாயம், பாதையைத் துண்டாகப் பிரிக்கும் முறையும் கட்டாயம்.

விலகாது

மூன்றாவது இயலாமைக்கு வருவோம். ரயிலில் ஸ்டீயரிங் கிடையாது. வளைவில் அது எப்படித் திரும்புகிறது? சக்கரத்தின் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு தண்டவாளத்தில் உரசித் திருப்புகிறது என்றே பலரும் நினைக்கிறோம். விளிம்பு கடைசிக் காவல்தான். திருப்பும் வேலையைச் செய்வது சக்கரத்தின் வடிவம். அது முழு உருளை அல்ல. உள்பக்கம் சற்றுப் பெரிதாகவும் வெளிப்பக்கம் சற்றுச் சிறிதாகவும் சரிந்திருக்கும்.

டீக்கடைக் காகிதக் கப் இரண்டை வாயோடு வாய் வைத்து ஒட்டி, இரண்டு நீளக் குச்சிகளின் மேல் உருட்டிப் பாருங்கள். கப் ஒரு பக்கம் ஒதுங்கினால், அந்தப் பக்கக் குச்சி கப்பின் பருத்த பகுதியைத் தொடும். பருத்த பகுதி ஒரு சுற்றில் அதிகத் தூரம் போகும். உடனே கப் நடுவுக்குத் திரும்பும். அடியோடு அடி ஒட்டி உருட்டினால் உடனே விழுந்துவிடும். ரயில் சக்கரங்கள் ஓர் அச்சில் இறுகப் பொருத்தப்பட்டிருப்பதால் இதே காரியம் வளைவிலும் நடக்கிறது. வெளிப்பக்கச் சக்கரம் பெரிய விட்டத்தில் உருண்டு நீளமான தண்டவாளத்தைக் கடக்கிறது. உள்பக்கச் சக்கரம் சிறிய விட்டத்தில் உருண்டு குட்டையானதைக் கடக்கிறது.

இது இவ்வளவு நேர்த்தியாக வேலை செய்ய, இரண்டு தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட தூரம் மாறவே கூடாது. அங்கேதான் சிக்கல். ஸ்டீபன்சன் தன் வட்டாரத்துச் சுரங்க வண்டிகளின் வழக்கத்தை ஒட்டி 4 அடி எட்டரை அங்குலம் வைத்தார். கிரேட் வெஸ்டர்ன் பாதையை அமைத்த இசம்பார்ட் புரூனெல் வேகமும் நிதானமும் கிடைக்க வேண்டும் என்று 7 அடி கால் அங்குலம் வைத்தார். ஓட்டத்தில் புரூனெலின் ரயில் சிறந்தது. ஆனால் இரண்டு பாதைகளும் சந்தித்த குளஸ்டர் நிலையத்தில் பயணிகளும் மூட்டைகளும் கால்நடைகளும் ஒரு ரயிலிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏற வேண்டியிருந்தது. 1846ஆம் ஆண்டுச் சட்டம் புதிய பயணிகள் பாதைகளுக்கு ஸ்டீபன்சனின் அளவையே விதியாக்கியது. அது சிறந்தது என்பதால் அல்ல; அந்த அளவில் ஏற்கெனவே பல மடங்கு பாதை இருந்தது என்பதால். புரூனெலின் கடைசி அகலப் பாதை 1892 மே மாதம் ஒரு வார இறுதியில், 4,000க்கும் மேற்பட்ட ஆட்களின் கைகளால் குறுக்கப்பட்டது. அமெரிக்காவின் தென் மாநிலங்கள் 1886இல் இரண்டே நாளில் 18,000 கிலோமீட்டர் பாதையின் ஒரு பக்கத் தண்டவாளத்தை மூன்று அங்குலம் நகர்த்தி, வடக்கோடு சேர்ந்துகொண்டன.

இந்தியாவில் டல்ஹௌசி பிரபுவின் காலத்தில் 5 அடி 6 அங்குலம் என்ற ஒரே அளவு நாடு முழுமைக்கும் முதலிலேயே விதிக்கப்பட்டிருந்தது. பிரிட்டன் பட்ட பாட்டைப் பார்த்து எடுத்த முடிவு அது. 1870களில் மேயோ பிரபுவின் அரசு செலவைக் குறைக்க மீட்டர் கேஜ் என்ற குறுகிய பாதையைக் கொண்டுவந்தது. நாகப்பட்டினம்–திருச்சிராப்பள்ளிப் பாதை 1862இல் பிராட் கேஜ் என்ற அகலப் பாதையாகப் போடப்பட்டு, 1870களிலேயே மீட்டர் கேஜாகக் குறுக்கப்பட்டது. பின்னர் வந்த தலைமுறைகள் அதன் விலையைக் கொடுத்தன. சென்னை சென்ட்ரலில் பிராட் கேஜ், எழும்பூரில் மீட்டர் கேஜ். வடக்கிலிருந்து வந்து தெற்கே போகிறவர் மூட்டை முடிச்சுகளோடு ஊருக்கு நடுவே வண்டி பிடித்து ஓடினார். சரக்குகள் ஒரு வேகனிலிருந்து இன்னொரு வேகனுக்கு மனிதத் தோள்களில் மாறின. 1992இல் தொடங்கிய ஒரே கேஜ் திட்டம், நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் மிச்சப்படுத்திய பணத்தைப் பல மடங்காகத் திருப்பிக் கொடுத்த கதைதான்.

இணைப்பு தரும் பலம்

மூன்று இயலாமைகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். மேட்டைச் சமாளிக்க ஆயிரக்கணக்கானோரின் பணமும் உழைப்பும் ஒன்றுசேர வேண்டியிருந்தது. நிறுத்தத்தைச் சமாளிக்க ஊர்கள் தங்கள் கடிகாரங்களை விட்டுக்கொடுத்தன. பாதை அகலத்தைச் சமாளிக்கப் போட்டிக் கம்பெனிகள் தங்கள் அளவுகளை விட்டுக்கொடுத்தன. ஒரு கம்பெனியின் பெட்டி இன்னொரு கம்பெனியின் பாதையில் ஓடினால் கட்டணத்தை எப்படிப் பிரிப்பது என்று கணக்குப் பார்க்கவே 1842இல் லண்டனில் ரயில்வே கிளியரிங் ஹவுஸ் என்று ஒரு தனி அமைப்பு தேவைப்பட்டது. உலகின் ரயில் பாதை எஞ்சின் வேகத்தில் வளரவில்லை. மனிதர்கள் ஓர் ஒழுங்குக்கு உடன்பட்ட வேகத்தில் வளர்ந்தது.

அந்த ஒழுங்கு யாருக்காக என்ற கேள்வியைத் தண்டவாளம் தானாகத் தீர்க்காது. 1876–78 பஞ்சத்தில் தக்காணத்திலும் தென்னிந்தியாவிலும் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. அப்போது சென்னை மாகாணத்தின் குறுக்கே ரயில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பஞ்சம் பாதித்த ஊர்களுக்குத் தானியம் வந்ததும் அந்த ரயிலில்தான். வாங்கும் சக்தி உள்ள இடங்களுக்குத் தானியம் போனதும் அந்த ரயிலில்தான். நாட்டைவிட்டுத் தானியம் ஏற்றுமதியாவது நிற்கவில்லை. இணைப்பு இருந்தால் மட்டும் போதாது, அதில் எது எந்தத் திசையில் ஓட வேண்டும் என்ற முடிவும் சரியாக இருக்க வேண்டும்.

இது பழைய கதை அல்ல. சென்னை மெட்ரோவின் தண்டவாள இடைவெளி 1,435 மில்லிமீட்டர், ஸ்டீபன்சனின் அதே அளவு. அருகிலேயே ஓடும் புறநகர் ரயிலுடையது டல்ஹௌசி காலத்து 1,676 மில்லிமீட்டர். ஒன்றின் பெட்டி மற்றதன் பாதையில் ஒருநாளும் ஏறாது. அதற்குத் தொழில்நுட்பக் காரணங்கள் இருக்கலாம். ஆனால் அந்த முடிவின் விளைவு நூறு ஆண்டுகள் நீடிக்கும் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. அடுத்த புதிய பாதை அறிவிக்கப்படும்போது அதன் வேகத்தையும் செலவையும் செய்திகள் நமக்குச் சொல்லும். அது எதோடு இணையும், எதோடு இணையாது, இணையாத இடத்தில் யார் மூட்டையைச் சுமந்து நடப்பார்கள் என்பதை நாம்தான் கேட்க வேண்டும். முதல் தண்டவாளம் பதிக்கப்படும் முன்பே கேட்க வேண்டும்.